அறுக்காமல் கழற்றிய கிரிப்

"அறுத்து எறிய வேண்டியதை எதுக்கு இப்படிப் பச்சைப் புள்ளையைக் குளிப்பாட்டுற மாதிரி கழட்டுற?" என்று அண்ணன் கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வண்டியை வாசலில் நடு ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருந்தேன். ஹேண்டில்பாரின் இடது கிரிப்புக்கு அடியில் ஒரு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை நுழைத்து, அந்த இடுக்கில் சோப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தேன். அவன் கேட்டது நியாயம்தான். பழைய கிரிப்பை யாரும் பத்திரமாகக் கழற்றுவதில்லை. பிளேடால் நீளவாக்கில் ஒரு கோடு இழுத்தால் போதும், தோல் மாதிரி உரிந்து வந்துவிடும். அதிலும் அந்த இடது கிரிப்பை அவன் பங்க்சர் பசை போட்டு ஒட்டி வைத்திருந்தான். அதை முழுசாக எடுக்க எனக்குக் காலை வேளை முழுவதும் பிடித்தது.

"சும்மாதான்" என்றேன்.

அவன் சிரித்துவிட்டுப் பல் துலக்கப் போனான். இதை அவன் அன்றைக்கே மறந்திருப்பான் என்றுதான் நினைத்தேன்.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. பள்ளியை விட்டதற்கும் அதுதான் காரணம், வேறு பெரிய கதை இல்லை. பெயர் கூப்பிடும்போது "உள்ளேன்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தும் வராதவள் என்றே குறி விழும். ஒன்பதாம் வகுப்பில் அம்மாவை வரச்சொல்லி, உங்கள் பெண் பாதி நாள் வருவதே இல்லை என்று ஆசிரியை சொன்னார். அப்போதும் நான் அங்கேதான் நின்றிருந்தேன். அம்மா தையல் கம்பெனியில் நின்றபடியே வேலை செய்கிறவள், அவளுக்கு இதையெல்லாம் ஆராய நேரம் கிடையாது. "வாயில்லாப் பூச்சி, வீட்டோட இருக்கட்டும்" என்று நிறுத்திவிட்டாள்.

அண்ணன் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறவன். வண்டிதான் அவனுக்குக் கையும் காலும். அதன் சின்னச் சின்ன வேலைகளை நான் பார்ப்பேன். செயின் இறுக்குவது, பிளக் துடைப்பது, கேபிள் மாற்றுவது. அவன் செய்தால் திருகாணி ஒன்று மிஞ்சும். நான் செய்தால் மிஞ்சாது. "என் மெக்கானிக்கம்மா" என்று தெருவில் எல்லாரிடமும் சொல்லிக்கொள்வான். எனக்கு வெட்கமாக இருக்கும், ஆனால் சொல்லாதே என்று நான் சொன்னதில்லை.

மழைக்கு முன்னால் ஹேண்டில்பார் துருப்பிடித்திருந்தது. கிரிப் இரண்டையும் கழற்றி, கம்பியைத் தேய்த்துப் பெயின்ட் அடித்தேன். திரும்ப மாட்டும்போது இடது பக்கம் ஏறவில்லை. சமையலறையிலிருந்து கொஞ்சம் எண்ணெய் எடுத்துத் தடவினேன், வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. சோப்புத் தண்ணீர் காய்ந்துவிடும், எண்ணெய் காயவே காயாது என்பது எனக்கு அப்போது தெரியாது. இது ஒரு பெரிய விஷயம் இல்லை. முழுவதும் சொல்கிறேன் என்று உட்கார்ந்ததால் இதையும் சொல்கிறேன், அவ்வளவுதான்.

ஒரு நாள் மீன் வளர்க்கிற கண்ணாடித் தொட்டி ஒன்றைப் பின்னால் கட்டிக்கொண்டு போனான். சந்தைத் திருப்பத்தில் வண்டியை வளைக்கும்போது, இடது கிரிப் கையுறை மாதிரி கையோடு கழன்று வந்துவிட்டது. வண்டி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம், தொட்டி சுக்குநூறு. முழங்காலில் தோல் போயிருந்தது. வேறொன்றும் ஆகவில்லை.

அன்று மாலை அவனுடைய சூப்பர்வைசர் எங்கள் சந்துக்கே வந்துவிட்டார். ஐம்பது வயசு இருக்கும். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். வந்ததும் அண்ணனைப் பார்க்கவில்லை, வண்டியைத்தான் பார்த்தார். இடது கிரிப்பை இரண்டு விரலால் இழுத்தார், வந்துவிட்டது. உள்ளே விரலை விட்டுத் தேய்த்து, முகர்ந்து பார்த்தார்.

"எந்த மடையன்டா இதுல எண்ணெயை ஊத்துனது?"

நான் வாளியோடு வாசற்படியில் நின்றிருந்தேன். அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருக்க அவன் பட்ட பாடு எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

"நான்தான் சார்" என்றான்.

அறை விழுந்தது. அவன் தலை ஒரு பக்கமாகப் போய் வந்தது. எதிர்வீட்டுக் கதவுகள் திறந்தன. இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பார்த்தார்.

"அறிவு இருக்காடா உனக்கு? அந்தக் கண்ணாடி மேல விழுந்து கழுத்து அறுந்திருந்தா உங்கம்மாவுக்கு நான் என்னடா பதில் சொல்றது?" என்று கத்திவிட்டுப் போனார். கேட்பதற்கு அக்கறை மாதிரி இருந்தது. அறைந்த பிறகு எல்லாருமே அப்படி ஏதாவது சொல்வார்கள்.

மறுநாளே சந்தில் அவனுக்குப் 'பளார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவன் வண்டியைக் கிளப்பினால் டீக்கடையிலிருந்து ஒருத்தன் இரண்டு கையையும் சேர்த்துத் தட்டுவான். "பளார் கிளம்பிட்டான்டா, வழி விடு."

அண்ணனும் சிரிப்பான். "ஆமாண்ணே, பளார் பார்சல் சர்வீஸ். கையெழுத்துப் போடலேன்னா உங்களுக்கும் ஒண்ணு உண்டு" என்பான். அவர்களும் சிரிப்பார்கள். அவனால் எப்படி முடிகிறது என்று எனக்குப் புரியவே இல்லை. ராத்திரி அம்மா கன்னத்தைத் தொட்டுப் பார்த்தபோது, "விடும்மா, அந்த ஆளு மனசுல ஒண்ணும் கிடையாது. கைதான் நீளம்" என்றான். என்னைப் பார்த்து, "நீயும் விடு பாப்பா" என்றான்.

அவன் விட்டுவிட்டான். அது அவனுடைய குணம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒருத்தர் விட்டால் இன்னொருத்தர் எடுத்துத்தானே ஆக வேண்டும்.

அந்த அறை எனக்கு வர வேண்டியது என்று நீங்கள் நினைக்கலாம். பிறகு என்னை விசாரித்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. யார் கன்னத்தில் விழுகிறதோ அது அவர்களுடைய அறை. விழுந்தது அவன் கன்னத்தில்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கழற்றிய கிரிப்பைத் துடைத்து வெயிலில் வைத்தேன். வருஷக்கணக்காகப் பிடித்துப் பிடித்து அந்த ரப்பரில் அவன் விரல்கள் பள்ளமாகப் பதிந்திருந்தன. சின்ன வயசில் கதவிடுக்கில் நசுங்கிய சுண்டுவிரலுக்கு மட்டும் பள்ளம் ஆழமில்லை. என் விரல்களை அதில் வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் பெரிசு, ஆனால் நன்றாகப் பிடித்தது.

புதிய கிரிப்பைச் சரியாக மாட்டினேன். இந்த முறை எண்ணெய் இல்லை, கடையில் வாங்கிய பசை. கம்பியிலிருந்த பழைய எண்ணெயையும் பசையையும் பெட்ரோல் தொட்டுத் துடைத்து, காயவைத்து, ஒரே மூச்சில் ஏற்றினேன். வலது பக்கம் ஆக்சிலேட்டர் என்பதால் உள்ளே முட்டாமல் நகக்கண் அளவு இடைவெளி விட்டேன், இல்லாவிட்டால் திருகினது திரும்ப வராது. அண்ணன் ஈரத் தலையோடு வந்து பிடித்துப் பார்த்தான்.

"ஏரோப்ளேன் மாதிரி இருக்கு பாப்பா. இனிமே நான் கழண்டாலும் இது கழலாது."

அவன் மத்தியானம் தூங்கினான். அம்மாவும் தூங்கினாள். குளியலறைக்குப் பின்னால், குழாய் மாற்றியபோது மிஞ்சிய இரும்புக் குழாய் ஒன்று கிடந்தது. அரை அங்குலத் தண்ணீர்க் குழாயும் ஹேண்டில்பாரும் கிட்டத்தட்ட ஒரே பருமன். வலது கிரிப் அதில் லொடலொடவென்று ஆடியது, அதன் துளை பெரிசு. இடது கிரிப் கச்சிதமாக உட்கார்ந்தது. குழாயை ரம்பத்தால் என் கை நீளத்துக்கு அறுத்தேன். மணல் மூட்டை ஒன்று மூலையில் இருந்தது, அதை அடித்துப் பார்த்தேன். வெறும் குழாய் என் கை வியர்வையில் சுற்றிக்கொண்டது. கிரிப் போட்டதும் சுற்றவில்லை.

வழுக்காமல் இருக்க மட்டும்தான் என்றால் ஒரு துணியைச் சுற்றியிருக்கலாம். அடிப்பது அவன் கையாக இருக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. இதை எத்தனை விதமாகச் சொன்னாலும் யாருக்கும் விளங்குவதில்லை. உங்களுக்கும் விளங்காவிட்டால் பரவாயில்லை.

அண்ணனுக்குச் சில நாள் நான்தான் சாப்பாட்டு டப்பா கொண்டுபோய்க் கொடுப்பேன். அதனால் பார்சல் கிடங்குப் பக்கம் என்னைப் பார்த்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. காலையில் முதலில் வந்து ஷட்டரைத் திறக்கிறவர் சூப்பர்வைசர்தான். மற்றவர்கள் வரக் கொஞ்ச நேரமாகும். மறுநாள் டப்பா வைக்கிற துணிப்பையில் குழாயை வைத்து, வாயைச் சுருக்கிக் கட்டிக்கொண்டு போனேன். நல்ல வெளிச்சம் வந்திருந்தது. பக்கத்துச் சுவரில் ஒரு பூனை உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தது.

"என்னம்மா, அண்ணனுக்குச் சாப்பாடா? அவன் இன்னும் வரலையே" என்றார். பூட்டைத் திறந்து, "இதைக் கொஞ்சம் பிடிம்மா" என்று என்னிடம் கொடுத்தார். பிறகு இன்னும் கொஞ்சம் பேசினார். என்ன பேசினார் என்பதைப் பிறகு சொல்கிறேன். பேசி முடித்து, ஷட்டரின் அடிப்பிடியைத் தூக்க இரண்டு கையையும் கீழே கொடுத்துக் குனிந்தார்.

பூட்டைக் கீழே வைத்தேன். பையின் கட்டை அவிழ்த்தேன்.

முதல் அடி பின்மண்டையில். சத்தம் பெரிதாக இல்லை, மணல் மூட்டையைவிடக் கொஞ்சம் கெட்டியாக இருந்தது. அவர் விழவில்லை. எதையோ தொலைத்தவர் மாதிரி மெதுவாக உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடி கயிற்றில் ஆடியது. திரும்பி என்னைப் பார்த்து, "என்னம்மா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டார். இரண்டாவது வாய்மேல் விழுந்தது, அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. கையைத் தூக்கினார். வலது கை. அறைந்த கை. அதைத் தரையில் வைத்து அடித்தேன், விரல்கள் விரல் மாதிரி இல்லாமல் போகும்வரை. மற்ற இடங்களைவிட அங்கேதான் நேரம் எடுத்துக்கொண்டேன். பிறகு திரும்பவும் தலை. மூச்சு குமிழி குமிழியாகக் கொஞ்ச நேரம் வந்தது. பிறகு வரவில்லை.

பூனை போய்விட்டிருந்தது. கிடங்குக் குழாயில் முகத்தையும் கையையும் கழுவினேன், செருப்பின் அடியையும் கழுவினேன். இரும்புக் குழாயை ஷட்டருக்குப் பக்கத்தில், கிரிப் வெளியே தெரிகிற மாதிரி வைத்தேன். பதற்றத்தில் விட்டுவிட்டு வந்துவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். எனக்குப் பதற்றம் எதுவும் இல்லை. யார் கை அது என்று தெரிய வேண்டாமா?

வீட்டுக்கு வந்து சட்டையை ஊறவைத்தேன். அம்மா கம்பெனிக்குப் போயிருந்தாள். அண்ணன் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவாமல் போயிருந்தான். அதையும் கழுவினேன்.

மதியத்துக்குள் அண்ணனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். சந்தே பார்க்க அறை வாங்கியவன் அவன்தானே. அந்தக் குழாயை அவன் முன்னால் வைக்கும்வரை, "எனக்கு ஒண்ணும் தெரியாது சார், நான் அப்ப வீட்டுலதான் இருந்தேன்" என்று கதறிக்கொண்டிருந்தானாம். வைத்ததும் அந்தக் கிரிப்பைப் பார்த்திருக்கிறான். அறுபடாமல் முழுசாக இருந்ததைப் பார்த்திருக்கிறான். அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லையாம்.

சந்து மாறிவிட்டது. டீக்கடையில் யாரும் கை தட்டவில்லை. அம்மா ஸ்டேஷனுக்குப் போகும்போது இஸ்திரிக்காரர் எழுந்து நின்று வழிவிட்டார். "பார்க்கத்தான்டா சாது. அவன்கிட்ட கை வெச்சா என்ன ஆகும் பார்த்தியா" என்று ஒருத்தன் இன்னொருத்தனிடம் சொன்னது ஜன்னல் வழியாக என் காதில் விழுந்தது. பளார் என்ற சொல்லையே எல்லாரும் விழுங்கிவிட்டார்கள். எனக்கு அன்று நன்றாகத் தூக்கம் வந்தது.

அம்மாதான் தூங்கவில்லை. "என் புள்ளை யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டானேடி. நீயாவது வந்து சொல்லுடி. உன் அண்ணன்தானே, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். நான் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

உள்ளே அவனை அடித்தார்கள். பாதத்தில் அடித்தார்கள், முதுகில் அடித்தார்கள். வலது கையை மேசைமேல் வைத்து, சூப்பர்வைசர் கை இருந்த மாதிரியே ஆக்கிக் காட்டுகிறோம் என்று சொல்லி அடித்தார்களாம். மூன்று விரல் உடைந்தது. அதையும் தாங்கினான். அம்மாவையும் கூட்டிவந்து விசாரிக்கப்போகிறோம், வீட்டில் இருக்கிற பெண்ணையும் கூட்டிவரப்போகிறோம் என்று சொன்னபோதுதான் பேசினான்.

"நான்தான் சார்."

அம்மா அழுதுகொண்டே வந்து இதைச் சொன்னபோது எனக்கு நிறைவாக இருந்தது. கடைசியில் அவன் அதைத் தன்னுடையது என்று வாங்கிக்கொண்டான் என்று நினைத்தேன். கொடுத்ததை ஒருவர் கையில் வாங்கிக்கொண்டால்தானே கொடுத்தவருக்கு நிம்மதி.

பிறகு இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்தார். பெண்தான், அம்மா வயது. கூட வந்தவர்கள் மேடம் என்று கூப்பிட்டார்கள். எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, அண்ணன் சொன்னதைத் திரும்பச் சொன்னார். சூப்பர்வைசர் வழிமறித்தாராம், பேச்சு முற்றியதாம், தள்ளுமுள்ளில் முன்னாலிருந்து ஒரே ஒரு அடி அடித்தானாம். தெரியாமல் பட்டுவிட்டதாம்.

"அங்க நான் பார்த்தது அப்படி இல்லம்மா" என்றார்.

எனக்கு முகம் சுட்டது. வாங்கிக்கொண்டான் என்று நினைத்தேனே, இவன் அதைக் குறைத்துக் குறைத்து ஒன்றுமில்லாமல் ஆக்கியிருக்கிறான். தெரியாமல் பட்டுவிட்டதாம். ஒரே அடியாம். அந்தக் கையைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

மேடம் பேசிக்கொண்டே எழுந்து, ஜன்னல் விளிம்பில் இருந்த பழைய வலது கிரிப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இதையும் அறுக்காமத்தான் எடுத்திருக்கு. யாரு கழட்டினது?"

"நான்தான்" என்றேன். பள்ளியை விட்ட பிறகு வெளியாள் ஒருவரிடம் நான் சத்தமாகப் பேசிய முதல் வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன். "அவன் சொன்னது தப்பு மேடம். ஒரு அடி இல்லை. முன்னாலிருந்தும் இல்லை."

அதற்குப் பிறகு எனக்குப் பேச வந்தது. இவ்வளவு நாளும் எங்கே இருந்ததோ, வந்துகொண்டே இருந்தது. குழாயின் கனம், வலது கிரிப் பொருந்தாதது, மணல் மூட்டை, குனிந்தது, கை, எல்லாம் வரிசையாகச் சொன்னேன். அம்மா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். முடிவில் மேடம் ஒன்று மட்டும் கேட்டார்.

"உன்னைக் காப்பாத்தத்தான் அவன் இவ்வளவு அடியும் வாங்கினான்னு உனக்குப் புரியுதா இல்லையா?"

"இல்லை மேடம்" என்றேன். "அவன் எனக்காக எதையும் வாங்கினது கிடையாது."

மாலையில் ஸ்டேஷனில், வெளியே விடுவதற்கு முன்னால் அண்ணனைக் கூட்டிவந்து என் எதிரே உட்காரவைத்தார்கள். ஒரு கண் மூடியிருந்தது. வலது கையில் கட்டு, அதை மடியில் வேறு யாருடைய பொருளையோ வைத்திருக்கிற மாதிரி வைத்திருந்தான். அம்மா அவன் பக்கத்தில் நின்றாள். அவன் முன்னால் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். அவன் கட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

ஷட்டருக்குக் குனிவதற்கு முன்னால் அவர் பேசியதை அங்கேதான் முதல்முறையாகச் சொன்னேன். மேடத்திடம்கூட அதைச் சொல்லியிருக்கவில்லை. அண்ணனுக்குச் சேர வேண்டிய பேச்சு என்று பத்திரமாக வைத்திருந்தேன்.

அவர் சொன்னது இதுதான். "அன்னிக்குக் கை நீட்டினதுலேர்ந்து எனக்குச் சரியா தூக்கமே இல்லம்மா. எண்ணெய் போட்டது நீதானே? வாசல்ல நீ நின்ன மூஞ்சியைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. உன்னைக் காட்டிக்கொடுக்காம அடியை வாங்கிக்கிட்டான் பாரு, தங்கமான பையன். இன்னிக்கு எல்லாரும் வரட்டும். அவன் தப்பு இல்லைன்னு எல்லார் முன்னாடியும் சொல்லி, நான் மன்னிப்புக் கேட்டுடறேன்."

அப்போது பை கட்டித்தான் இருந்தது என்பதையும் சொன்னேன். நடந்து வரும்போது மனசு கொஞ்சம் தளர்ந்திருந்தது, டப்பாவை மறந்துவிட்டேன் என்று சொல்லித் திரும்பிவிடலாமா என்றுகூட இருந்தது என்று சொன்னேன். அவர் அந்தப் பேச்சைப் பேசிய பிறகுதான் பையை அவிழ்த்தேன். ஆனால் அதற்கும் அவர் எண்ணெயைப் பற்றிப் பேசியதற்கும் சம்பந்தம் இல்லை, எல்லாம் உனக்காகத்தான், இனிமேல் உன்மேல் ஒருத்தனும் கை நீட்ட மாட்டான் என்று அண்ணனிடம் விளக்கமாகச் சொன்னேன்.

அண்ணன் தலையைத் தூக்கினான். திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் என்னையே பார்த்தான். ஏதோ சொல்லப்போகிறான் என்று நான் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். அவன் எழுந்தான், நாற்காலியைச் சத்தம் வராமல் பின்னால் தள்ளினான், இடது கையால் அம்மாவின் தோளைப் பிடித்துத் திருப்பிக்கொண்டு வெளியே போனான்.